இன்ஜினை இறக்குவதற்கு முன்: எம்35ஏ2 ராணுவ லாரிக்கு மாற்று இன்ஜின்

கேட்டவர் டெக்சாஸில் இருக்கும் ஒரு தம்பி. ராணுவத்திலிருந்து ஏலத்தில் வந்து இரண்டு மூன்று கை மாறிய 1971 எம்35ஏ2 லாரி வைத்திருக்கிறார். அங்கே எல்லாரும் ‘டியூஸ்’ என்று கூப்பிடுகிற இரண்டரை டன், ஆறு சக்கரமும் இழுக்கிற வண்டி. போன மாதம் ஓர் இறக்கத்தில் கியரைக் குறைத்தபோது ‘டமார்’ என்று ஒரு சத்தம். பிஸ்டனைக் கிராங்க்கோடு இணைக்கிற கனெக்டிங் ராடு பிளாக்கைக் கிழித்துக்கொண்டு வெளியே எட்டிப் பார்க்கிறது. இப்போது அவர் முன் இரண்டு வழி. இரும்பு டப்பாவில் மூடி வைத்த, ராணுவப் பணிமனையில் ஓவர்ஹால் செய்த அதே வகை எல்டிடி-465 இன்ஜின் ஒன்று விலைக்கு வருகிறது. இல்லையென்றால் 1995 டாட்ஜ் பிக்கப்பிலிருந்து இறக்கிய 5.9 லிட்டர் கம்மின்ஸ். எதை ஏற்றுவது, வீட்டுக் கொட்டகையிலேயே செய்ய முடியுமா என்பதுதான் கேள்வி.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டப்பா இன்ஜினை ஏற்றுங்கள். கம்மின்ஸ் மோசம் என்பதற்காக இல்லை. தனியாக எடுத்துப் பார்த்தால் அதுதான் நல்ல இன்ஜின். ஆனால் நீங்கள் மாற்றப்போவது இன்ஜினை மட்டும் இல்லை. அதைச் சுற்றியிருக்கும் கிளட்ச், காற்று, கரண்டு, கூலிங் என்று எல்லாம் கூடவே நகரும். வேலையின் முக்கால்வாசி அங்கேதான் இருக்கிறது.

கம்மின்ஸ் போடச் சொன்னவர்கள் ‘வண்டி பறக்கும்’ என்று சொல்லியிருப்பார்கள். பறக்காது. கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்கள் பழைய இன்ஜினின் சுற்றை, கவர்னர் என்ற கட்டுப்பாட்டுப் பாகம் 2600 ஆர்பிஎம்மில் நிறுத்திவிடும். ஆக்சில் விகிதம் 6.72. டயர் 9.00-20 என்றால் உயரம் சுமார் 40 அங்குலம். நேரடி கியரில் அது மணிக்கு 45 மைல், ஐந்தாவதான ஓவர்டிரைவில் 56 மைல் சுமார். கம்மின்ஸும் கிட்டத்தட்ட அதே சுற்றில்தான் கட்டுப்படும். சுற்றும் மாறவில்லை, பல்சக்கரமும் மாறவில்லை என்றால் வேகம் எங்கிருந்து வரும்? ஏற்றத்தில் கியர் குறைக்காமல் ஏறலாம், அவ்வளவுதான். பழைய இன்ஜினின் முறுக்குவிசை சுமார் 330 பவுண்டு-அடி, அந்தக் காலத்து டாட்ஜ் கம்மின்ஸ் 400. அந்தக் கூடுதல் முறுக்கு முழுவதையும் ஸ்பைசர் 3053ஏ கியர்பாக்ஸ்தான் தாங்க வேண்டும். வேகம்தான் வேண்டுமென்றால் டயரைப் பெரிதாக்குங்கள். 395/85 ஆர்20 போட்டால் 64 மைல் வரை வரும். ஆனால் அந்த வேகத்திலிருந்து நிறுத்துவதற்கு உங்களிடம் இருப்பது ஒரே சர்க்யூட் ஹைட்ராலிக் பிரேக், அதைத் தள்ளக் காற்று. ஒரு பைப் வெடித்தால் ஆறு சக்கரமும் போச்சு. நான் 50-க்கு மேல் ஓட்டுவதில்லை.

அடுத்து, பழைய இன்ஜின் ஏன் செத்தது என்று கண்டுபிடிக்காமல் புதியதை ஏற்றவே கூடாது. உங்கள் விஷயத்தில் காரணம் பாதி தெரிந்ததுதான். கவர்னர் டீசலைத்தான் குறைக்கும். இறக்கத்தில் சக்கரம் இன்ஜினைத் தள்ளும்போது கவர்னர் என்ன செய்யும்? கியரைக் குறைத்தவுடன் சுற்று 2600-ஐத் தாண்டிப் போயிருக்கும். இந்த 465 வகை, ஓவர் சுற்றில் ராடு எறிவதில் பேர் போனது. ஆனால் அதோடு விட்டுவிடாமல் பழைய ஆயிலை ஒரு வெள்ளை வாளியில் இறக்கிப் பாருங்கள். தண்ணீர்போல் ஓடி, டீசல் வாசம் அடித்தால் இன்ஜெக்ஷன் பம்ப் உள்ளே ஒழுகியிருக்கிறது. டீசல் கலந்த ஆயில் பேரிங்கை மாதக்கணக்கில் தின்றுவிட்டு, கடைசி அடியை மட்டும் இறக்கம் கொடுத்திருக்கலாம். அந்த பம்பை எடுத்துப் புது இன்ஜினில் மாட்டினால் அதே கதை இன்னொரு தடவை நடக்கும். முந்தைய ஓனர் ‘பிக்கப்’ வருவதற்காகப் பம்பில் டீசலைக் கூட்டி வைத்திருக்கிறாரா என்பதையும் பாருங்கள். சைலன்சர் வாயில் கரி அப்பியிருந்தால் சந்தேகப்படலாம்.

இந்த இன்ஜினைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொண்டு கை வைப்பது நல்லது. 478 கன அங்குலம், அதாவது 7.8 லிட்டர், ஆறு சிலிண்டர், மூன்று மூன்றாக இரண்டு ஹெட். கான்டினென்டல் நிறுவனம் வடிவமைத்தது. எரிக்கும் முறை ஜெர்மனியின் மான் நிறுவனத்தில் மாய்ரர் கண்டுபிடித்த ‘எம்’ முறை. சாதாரண டீசலில் நாசில், எரிபொருளைக் காற்றுக்குள் பீய்ச்சும். இதில் பிஸ்டன் தலையில் உருண்டையாகக் குடைந்த கிண்ணத்தின் சுவர்மேல் பூசியதுபோல் பீய்ச்சும். அந்தப் படலம் சூட்டில் ஆவியாகி, கொஞ்சம் கொஞ்சமாக எரியும். அதனால்தான் மண்ணெண்ணெய், ஜெட் எரிபொருள், அவசரத்துக்குப் பெட்ரோல் என்று எதையும் குடிக்கிறது, மல்டிஃபியூல் என்று பெயரும் வாங்கியது. நம் ஊர் ராணுவத்தின் சக்திமான் லாரியும் இதே மான் பரம்பரைதான். டர்போ வைத்தது சக்திக்காக என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் புகையைக் குறைக்கத்தான். இவ்வளவு பெரிய இன்ஜினுக்கு 134 குதிரைத்திறன் என்பதைப் பார்த்தாலே புரியும். எதையும் குடிக்கும் என்பதற்காகக் கழிவு ஆயிலை ஊற்றி ஓட்டுகிறவர்கள் உண்டு. உங்கள் இன்ஜின், உங்கள் இஷ்டம். என் வண்டியில் ஊற்றமாட்டேன்.

சரி, டப்பாவுக்கு வருவோம். ‘ஓவர்ஹால் செய்தது’ என்று தகடு அடித்திருக்கும், தேதியும் இருக்கும். அந்தத் தகட்டை நம்பாதீர்கள். ஓவர்ஹால் நன்றாகவே நடந்திருக்கலாம், ஆனால் அதற்குப் பிறகு 30 வருடம் இன்ஜின் சும்மா உட்கார்ந்திருக்கிறது. நான் முதலில் வாங்கிய டப்பாவின் மூடி ரப்பர் எப்போதோ வெடித்திருக்கிறது. வெளியே பச்சைப் பெயின்ட் பளபளப்பு, உள்ளே இரண்டு சிலிண்டரில் துரு. விற்றவர் திறந்துகூடப் பார்த்திருக்கவில்லை. அதனால் பணம் கொடுப்பதற்கு முன் மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். முதலில் தகட்டில் எல்டிடி-465 என்றுதானா இருக்கிறது என்று பாருங்கள். எல்டிஎஸ் என்றிருந்தால் அது ஐந்து டன் லாரியின் இன்ஜின், குடும்பம் ஒன்றுதான், ஆனால் பாகங்களை மாற்றாமல் உங்கள் சேஸில் அப்படியே உட்காராது. அப்புறம் கிராங்க்கை நீண்ட கம்பி போட்டுக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். 22-க்கு 1 கம்ப்ரெஷன் உள்ள இன்ஜின், கனமாகத்தான் இருக்கும். ஆனால் ஒரே சீரான கனமாக இருக்க வேண்டும். ஓர் இடத்தில் மட்டும் இடறினால் வாங்காதீர்கள்.

பம்பை மட்டும் தனியாகச் சோதியுங்கள். அமெரிக்கன் பாஷ் பம்ப், டீசலைத் தள்ளும் பிளஞ்சர் தண்டு ஆறு சிலிண்டருக்கும் ஒன்றே. அது உட்காரும் பாகத்தை ஹைட்ராலிக் ஹெட் என்பார்கள். வருடக்கணக்கில் நின்ற பழைய டீசலும் ஒரு சொட்டுத் தண்ணீரும் போதும், அது சீஸ் ஆகிவிடும், அதாவது அசையாமல் இறுகிவிடும். சீஸ் ஆனது தெரியாமல் செல்ஃப் அடித்தால் பம்புக்குள்ளே உடையும். பம்பிலேயே விலை அதிகமான சாமானும் அதுதான். இன்ஜின் ஸ்டாண்டில் இருக்கும்போதே பார்த்துவிட்டால் அரை நாள் வேலை. வண்டியில் ஏற்றிய பிறகு என்றால் ஃபெண்டருக்கும் பிளாக்குக்கும் நடுவே தலைகீழாகத் தொங்கிக்கொண்டு செய்ய வேண்டும்.

இன்னொரு பழக்கம் சொல்கிறேன். ஊரில் சங்ககிரிப் பட்டறையில் வேலை கற்றபோது மேஸ்திரி ஒருவர் எந்த இன்ஜின் வந்தாலும், யார் கட்டியதாக இருந்தாலும், ஆயில் சம்ப்பைக் கழற்றிப் பார்க்காமல் ஏற்றமாட்டார். அப்போது எரிச்சலாக இருக்கும். இப்போது நானும் அதையேதான் செய்கிறேன். சம்ப்பைக் கழற்றி, ராடு போல்ட் எல்லாவற்றையும் மேனுவலில் சொன்ன டார்க்கில் ஒரு தடவை தொட்டுப் பாருங்கள். டிஎம் என்பது அமெரிக்க ராணுவத்தின் டெக்னிக்கல் மேனுவல். டிஎம் 9-2815-210-34 இன்ஜினுக்கான மேனுவல். வண்டிக்கு டிஎம் 9-2320-361 வரிசை. இரண்டையும் அச்செடுத்துக் கொட்டகையில் தொங்கவிடுங்கள். மெயின் பேரிங் ஒன்றைத் திறந்து பாருங்கள். சாம்பல் நிறமாக, வழவழப்பாக இருந்தால் மூடிவிடலாம். முன், பின் ஆயில் சீல் இரண்டையும் பார்த்த கையோடு மாற்றிவிடுங்கள். ரப்பருக்கு டப்பாவுக்குள்ளேயும் வயதாகும்.

இறக்கும் வேலை அளவில் பெரிதே தவிரக் கஷ்டம் இல்லை. இன்ஜின் எடை 700 கிலோவுக்குப் பக்கத்தில். கடையில் விற்கிற மடக்குக் கிரேனில் ‘2 டன்’ என்று எழுதியிருக்கும். அது கையை உள்ளே இழுத்து வைத்தால்தான். முழுதாக நீட்டினால் அதில் கால்வாசிதான் தாங்கும். டியூஸின் மூக்கு நீளம் உங்களுக்கே தெரியும், நீட்டாமல் எட்டாது. ஒரு நாளைக்கு ஃபோர்க்லிஃப்ட் வாடகைக்கு எடுங்கள், அல்லது நல்ல இரும்புச் சட்டத்தில் செயின் பிளாக் மாட்டுங்கள். மரக்கிளையில் கட்டித் தூக்கிய படங்கள் எல்லாம் பார்த்திருக்கிறேன், வேண்டாம்.

பேட்டரி வயரை நெகட்டிவ்வில் முதலில் கழற்றுங்கள். இரண்டு 12 வோல்ட் பேட்டரி தொடராக இணைந்து 24 வோல்ட், ஸ்பானர் தவறி விழுந்தால் வெல்டிங் ஆகிவிடும். பானெட், முன் கம்பித் தடுப்பு, ரேடியேட்டர் எல்லாம் வெளியே. கியர்பாக்ஸோடு சேர்த்துத் தூக்கலாம் என்றுதான் ராணுவ முறை. அவர்களிடம் கிரேன் பூட்டிய ரெக்கர் லாரி இருந்தது. தனியாள் என்றால் கியர்பாக்ஸை அங்கேயே விட்டு, அடியில் ஜாக்கி கொடுத்து, இன்ஜினை மட்டும் முன்னால் இழுங்கள். கேபின் நடுவில் இருக்கிற தரைத்தகட்டைக் கழற்றினால் மேல் போல்ட்டுகளுக்குக் கை எட்டும். ஒவ்வொரு வயருக்கும் பைப்புக்கும் சீட்டுக் கட்டுங்கள். ராணுவ வயரில் உலோக நம்பர் தகடு இருக்கும், பாதி உதிர்ந்து போயிருக்கும். செல்போனில் நாற்பது படம் எடுங்கள், பத்துப் படமாவது உதவும்.

இரண்டு இன்ஜினையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி ஒப்பிடுவதற்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். டப்பா இன்ஜினோடு சில சமயம் எல்லாம் வரும், சில சமயம் செல்ஃப் மோட்டார், ஆல்டர்னேட்டர், ஏர் கம்ப்ரஸர் எதுவும் வராது. ஆயில் பிரஷர் சென்சார், வெப்பச் சென்சார் இரண்டும் பழையதிலிருந்தே வரட்டும். டாஷ்போர்டு காட்டிக்குப் பொருந்துவது அதுதான். ஹோஸ், பெல்ட், தெர்மோஸ்டாட் புதிது. ரேடியேட்டரைக் கொடுத்துக் கழுவி வாங்குங்கள்.

கிளட்ச் பக்கத்தில்தான் நான் ஒரு தடவை அடி வாங்கினேன். கிராங்க் முனையில் இருக்கும் பைலட் பேரிங்கை ‘நன்றாகத்தான் சுற்றுகிறது’ என்று விட்டுவிட்டேன். ஒரு மாதத்தில் கிளட்ச் மிதித்தால் கத்த ஆரம்பித்தது. சின்ன சாமான், அதற்காக மறுபடி மொத்த இன்ஜினையும் முன்னால் இழுத்தேன். அதனால் பைலட் பேரிங், ரிலீஸ் பேரிங், கிளட்ச் பிளேட் மூன்றும் இப்போதே மாற்றிவிடுங்கள். பெல் ஹவுசிங் மையம் சரியாக இருக்கிறதா என்று டயல் கேஜ் வைத்துப் பாருங்கள். ஆட்டம் 0.2 மில்லிமீட்டருக்குள் இருந்தால் நான் மேலே போவேன். இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும்போது கடைசி ஓர் அங்குலம் சேரவில்லை என்றால் போல்ட்டை முறுக்கி இழுக்காதீர்கள். இன்புட் ஷாஃப்ட்டின் பல் கிளட்ச் பிளேட்டில் பொருந்தவில்லை என்று அர்த்தம். கியரில் போட்டுவிட்டுப் பின் ஷாஃப்ட்டைக் கையால் லேசாகத் திருப்புங்கள், தானாக உள்ளே போகும்.

நடுவில், கம்மின்ஸ் பக்கம் மனம் இன்னும் இழுத்தால் என்று ஒரு பத்தி. டாட்ஜ் பிக்கப் இன்ஜினை வாங்காதீர்கள். அதே 5.9 இன்ஜின் பழைய ஸ்கூல் பஸ்ஸிலும் டெலிவரி லாரியிலும் கிடைக்கும், அதைத் தேடுங்கள். காரணம் காற்று. உங்கள் பிரேக்குக்குக் காற்று வேண்டும். பிக்கப் இன்ஜினில் கம்ப்ரஸர் உட்கார வேண்டிய இடத்தில் வேக்குவம் பம்ப் இருக்கும். காற்று பிரேக் உள்ள பஸ் இன்ஜினில் பல்சக்கரத்தில் ஓடும் கம்ப்ரஸரே இருக்கும். ஃப்ளைவீல் ஹவுசிங்கும் எஸ்ஏஇ என்ற பொதுத் தர அளவில் வரும். பிக்கப்பில் அது டாட்ஜின் சொந்த வடிவம். எஸ்ஏஇ 2 என்றால் உள்விட்டம் 447.7 மில்லிமீட்டர், எஸ்ஏஇ 3 என்றால் 409.6. உங்கள் கியர்பாக்ஸ் பக்கத்தை அளந்துவிட்டு அதற்கேற்ற ஹவுசிங்கோடு இன்ஜினைத் தேடுங்கள். செல்ஃப், டீசல் நிறுத்தும் சோலினாய்டு இரண்டும் 12 வோல்ட். ஜெனரேட்டர்களில் வரும் இதே இன்ஜினுக்கு 24 வோல்ட் சாமான் கிடைக்கும், அதை மாட்டலாம். மவுண்ட் எல்லாம் வெட்டி ஒட்ட வேண்டும். எடை 200 கிலோவுக்கு மேல் குறையும், அதனால் முன் பக்கம் கொஞ்சம் தூக்கி நிற்கும். எதைச் செய்தாலும் டைமிங் கேஸைத் திறந்து, அங்கே இருக்கும் டவல் பின் என்ற சின்ன இரும்பு முளை வெளியே வராதபடி ஒரு தகடு போட்டு மூடுங்கள். அது நழுவிப் பல்சக்கரத்துக்குள் விழுந்து நல்ல இன்ஜின் பல போயிருக்கிறது. ராணுவமே 1990-களில் இந்த லாரிகளில் ஒரு பகுதிக்கு இன்ஜின் மாற்றி எம்35ஏ3 ஆக்கியபோது கேட்டர்பில்லர் 3116-ஐ மட்டும் வைக்கவில்லை. கியர்பாக்ஸையும் சேர்த்து மாற்றி அலிசன் ஆட்டோமேட்டிக் போட்டார்கள். அதிலிருந்தே புரிந்துகொள்ளலாம்.

கடைசியாக ஸ்டார்ட். அவசரம் வேண்டாம். புது ஆயில் 20 லிட்டருக்கு மேல் பிடிக்கும், ஃபில்டர் கிண்ணங்களையும் நிரப்பி மாட்டுங்கள். டர்போவின் ஆயில் பைப்பைக் கழற்றி ஒரு கரண்டி ஆயில் ஊற்றுங்கள். இன்ஜின் நிறுத்தும் கம்பியை முழுதாக இழுத்து வைத்துக்கொண்டு, பத்துப் பதினைந்து விநாடி செல்ஃப் அடியுங்கள், ஒரு நிமிடம் விடுங்கள், மறுபடி. ஆயில் முள் நகரும் வரை டீசல் கொடுக்கவே கூடாது. முள் நகர்ந்த பிறகு சுவிட்ச் போட்டு டேங்க்குக்குள் இருக்கும் பம்பை ஓடவிட்டு, ஃபில்டர்களில் ஏர் எடுங்கள். குமிழி நின்று டீசல் மட்டும் வர வேண்டும்.

அப்புறம் ஒருவரைப் பக்கத்தில் நிறுத்துங்கள், கையில் ஒரு கனமான பலகையோடு. காற்று உறிஞ்சும் வாய் திறந்திருக்கட்டும். ரொம்ப நாள் நின்ற பம்பில் டீசல் அளவைக் கட்டுப்படுத்தும் பாகம் ஒட்டிக்கொண்டால் இன்ஜின் தானாக ரேஸ் ஆகி ஏறும், சுவிட்சை அணைத்தால் நிற்காது. கம்பியை இழுத்தும் நிற்கவில்லை என்றால் பலகையால் வாயை அடைத்துவிட வேண்டும். கையால் அடைக்கக் கூடாது. நான்கு இன்ஜினில் ஒரு தடவைதான் எனக்கு அது தேவைப்பட்டது. அன்றைக்குப் பலகை பிடித்து நின்ற பக்கத்து வீட்டுக்காரர் அதற்குப் பிறகு என் கொட்டகைப் பக்கம் வருவதில்லை.

ஓடியதும் வெள்ளைப் புகை கொஞ்ச நேரம் வரும், பயப்பட வேண்டாம். சூடு ஏறியதும் போக வேண்டும். 20 நிமிடம் ஐடிலில் விடாமல் 1000, 1200 சுற்றில் வைத்து, ஒழுகலைத் தேடுங்கள். முதல் 100 மைல் பாரமில்லாமல் ஓட்டி, ஆயிலை மாற்றிவிடுங்கள். பழைய ஆயிலை மறுபடி அந்த வெள்ளை வாளியில் இறக்கி மோந்து பாருங்கள். டர்போவுக்குப் பக்கத்தில், புகையின் சூட்டை அளக்கும் பைரோமீட்டர் ஒன்றை மாட்டுங்கள். நான் 1200 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் விடுவதில்லை. சுற்றுக் காட்டியில் 2600-இல் சிவப்பு டேப் ஒட்டுங்கள். இறக்கம் தொடங்குவதற்கு முன்பே கியரைக் குறைத்துவிடுங்கள், பாதி இறக்கத்தில் தட்டாதீர்கள்.

ஓட்டை விழுந்த பழைய இன்ஜினைக் காயலான் கடைக்குத் தள்ளிவிடாதீர்கள். பிளாக் போனாலும் இரண்டு ஹெட், டர்போ, செல்ஃப் மோட்டார், நாசில்கள், பம்ப் நன்றாக இருந்தால் பம்ப், எல்லாம் கழற்றி ஆயில் தடவி வையுங்கள். அடுத்த டியூஸ்காரர் ஒருவர் நிச்சயம் கேட்டு வருவார்.